பொத்தைக்கு முதுகு கொடுத்த ஊர்

நொச்சிக்கேணிக்கு இன்டர்நெட் கம்பெனி ஆள் தளவாய் ஆறு தடவை போய், ஆறு தடவையும் வயரை மாற்றி, பிளக்கை மாற்றி, அடாப்டரை மாற்றி, மொட்டைமாடிக் கம்பத்தை நாலடி உயர்த்தி, கடைசியில் டிஷ்ஷையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டு வந்தும், அவனுடைய பைக் ஓடைப்பாலத்தைத் தாண்டிய மறு நிமிஷமே ஆவுடைத்தாய் வீட்டு இன்டர்நெட் செத்துப்போனது என்றால், அதில் தளவாயின் குற்றம் ஒன்றும் இல்லை, டிஷ்ஷின் குற்றமும் இல்லை. அந்த நேரத்தில் பொத்தை எழுந்து நடந்துகொண்டிருந்தது.

மலை என்று சொல்லுமளவுக்கு உயரமில்லாத மொட்டைப் பாறைக் குன்றை அந்தப் பக்கத்தில் பொத்தை என்பார்கள். நொச்சிக்கேணிப் பொத்தை நாலு தென்னை உயரம் இருக்கும். முதுகில் கொஞ்சம் கள்ளி, கொஞ்சம் காட்டு ஆமணக்கு, மற்றதெல்லாம் பாறை. ஊருக்கு வடக்கே இருக்கிறது என்று சொல்லலாம், இருக்கிற நேரத்தில். மற்ற நேரத்தில் கிழக்கே பருத்திக்காட்டு ஓரமாகவோ, குளத்தங்கரைப் பக்கமோ, பஸ் வருகிற ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளியோ போய்க்கொண்டிருக்கும். எழும்போது எருமை மாதிரி பின்பக்கத்தை முதலில் தூக்கும். பயிரை மிதிக்காது; வரப்பு வந்தால் ஒதுங்கும்; கிணற்றைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகும். ஊர்க்காரர்கள் அதன் நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் காலையில் மிளகாய் வற்றலைக் காயப்போடுவார்கள். ஆடு மேய்க்கிறவர்களுக்கு முதல் வேலை பொத்தையைத் தேடுவது, பிறகுதான் ஆட்டைத் தேடுவது. ஏன் நடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. சும்மா இருக்க முடியாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டுதானே.

ஆனால் வெளியாள் கண்ணில் அது பட்டுவிடக் கூடாது என்பதில் மட்டும் ஊர் கறாராக இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நிலம் அளக்க வந்த ஒரு சர்வேயர், காலையில் பொத்தையை ஓர் இடத்தில் குறித்துக்கொண்டு, சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால், அது அவர் நட்ட கல்லைத் தாண்டி அடுத்தவன் நிலத்தில் உட்கார்ந்திருந்தது. மனிதர் புத்தகத்தை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பதினோரு குடும்பம் ஒன்பது வருஷம் பட்டா இல்லாமல் அலைந்தது. அன்றைக்கு ஊர் கூடி எடுத்த முடிவுதான், வெளியாள் வண்டி ஓடைப்பாலத்தில் தெரிந்தால் யாராவது ஒருத்தர் ஓடிப்போய்ப் பொத்தைக்கு முதுகு கொடுக்க வேண்டும் என்பது. யாராவது சாய்ந்து உட்கார்ந்திருந்தால் பொத்தை நகராது. நகர்ந்தால் சாய்ந்தவர் மல்லாக்க விழுந்துவிடுவாரே என்று அதற்கு ஒரு கரிசனம்.

ஆவுடைத்தாய் வீட்டு டிஷ் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி டவுனில் இருக்கிற டவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வேலையில் எல்லாமே பார்வைதான். டிஷ்ஷும் டவரும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும், நடுவில் எதுவும் வரக் கூடாது. பொத்தை ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அந்த நடுவில்தான் வந்து போனது. தளவாயின் பைக் வரும்போதெல்லாம் அது தன் இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

தளவாய்க்கு ஒரு வியாதி உண்டு. காரணம் தெரியாத கோளாறு ஒன்று உலகத்தில் எங்காவது இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. பெண்டாட்டி பேசிக்கொண்டிருக்கும்போது விரலால் மேஜையில் தட்டுவான். சினிமாவுக்குப் போனால் பாதியில் எழுந்து போய் வாசலில் நிற்பான். முப்பத்தெட்டு வயசில் ஒரே இடத்தில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்ததாக அவனைப் பெற்றவளுக்கே நினைவில்லை. இப்படிப்பட்டவனிடம்தான் சூப்பர்வைசர் போனில் சொன்னார்: "ஆறு தடவ போயாச்சு. சிக்னல் நல்லாருக்குன்னு நீயே போட்டோ அனுப்புத. அந்தப் பொம்பளைக்குத்தான் ஏதோ கோளாறு. லைனக் கழட்டிட்டு வந்துரு."

கோளாறு ஆவுடைத்தாய்க்கு இல்லை என்று தளவாய்க்குத் தெரியும். அவளுடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கேட்காது, பேச்சு வராது. பிறந்ததிலிருந்து கையால் பேசி வளர்ந்தவள். அந்தக் கைப்பேச்சே அவளுக்கு வேலையானது. மாநிலம் முழுக்க ஆஸ்பத்திரிகளுக்கு வருகிற காது கேளாதவர்கள் வீடியோவில் அவளிடம் கையால் சொல்வார்கள். அவள் அதை டாக்டருக்கு வாயால் சொல்வாள். டாக்டர் சொல்வதைத் திரும்பக் கையால் சொல்வாள். செல்போன் சிக்னல் அந்த ஊரில் குரலுக்குத்தான் தாங்கும், படத்துக்குத் தாங்காது. உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும் அவள் கை ஓடிக்கொண்டே இருக்கும். லைன் அறுந்தால் எங்கோ ஓர் ஊரில் ஓர் ஆள் டாக்டருக்கு முன்னால் வாயில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

"எல்லாத்தையும் பொறுத்துக்கிடுவேன் அண்ணாச்சி, செவ்வாய்க்கிழமைதான் தாங்கல," என்று ஆறாம் தடவை அவள் சொன்னாள். "கடக்கரைப் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வருது. பேரு சொல்லக் கூடாது. வயித்து வலின்னு அவ அண்ணன் கூட்டிட்டு வாரான். கேஸ் மாத்திரை குடுத்துக் குடுத்து அனுப்புதாவ. அவன் கூடவே நிப்பான். மாத்திரை வாங்க வெளிய போற அஞ்சு நிமிசந்தான் இவளுக்கு. வயித்தக் காட்டுதா, 'இல்ல'ங்கா, அப்புறம் கைய மடக்குதா... அந்தானைக்கு லைன் நின்னுருது. மூணு வாரமா அந்த மடக்குன கைதான் ஸ்கிரீன்ல நிக்கி. நான் என்னன்னு டாக்டர்ட்டச் சொல்ல?"

ஏழாவது தடவை தளவாய் பைக்கில் போகவில்லை. கம்பெனிச் சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, மேற்கே இரண்டு ஊர் தள்ளி பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடைக்குள்ளேயே நடந்து வந்தான். கரையேறிப் பார்த்தால் பொத்தை பருத்திக்காட்டைத் தாண்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அதன் முதுகில் நாலைந்து ஆடுகள் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு பெண் துணிக்கொடியை அவிழ்த்து அது போவதற்கு வழிவிட்டுவிட்டு மறுபடியும் கட்டினாள். தளவாய் போனை எடுத்து ஆவுடைத்தாய் வீட்டு டிஷ்ஷின் சிக்னலைப் பார்த்தான். பொத்தை அந்த வீட்டுக்கும் டவுனுக்கும் நடுவில் வந்ததும் சிக்னல் விழுந்தது. தாண்டிப் போனதும் வந்தது. அவனுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக நன்றாக மூச்சு விட்டான்.

அப்புறம்தான் கோபம் வந்தது. மாவு மில் வைத்திருந்த கருத்தப்பாண்டிதான் அந்த ஊருக்குத் தலைவர் மாதிரி. நேரே அவரிடம் போய் நின்றான். ஆளை அடையாளம் கண்டதும் அவர் கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டுப் பொத்தையைப் பார்த்து ஓடப் பார்த்தார். தளவாய் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நான் எல்லாம் பாத்துட்டேன் அண்ணாச்சி. இத முதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்கு ஆறு தடவ வயர மாத்துதேன்?"

"வெளியாளு வந்திருக்கையில வீட்டுச் சங்கதிய விளம்புவாவளா?" என்றார் கருத்தப்பாண்டி, கொஞ்சம் வெட்கத்தோடு. "நீங்க வெயில்ல வாரிய, மாடி ஏறுதிய. இது வேற குறுக்கும் நெடுக்கும் நடந்தா எங்கள என்ன நெனப்பிய? ஆறு தடவையும் மில்ல நிப்பாட்டிட்டு நானேதான் ஓடிப்போய்ச் சாஞ்சேன்."

"நீங்க சாஞ்சதாலதான் கோளாறே என் கண்ணுல படல."

"மரியாதைக்குச் செஞ்சோம்," என்றார் அவர். தளவாய் பிடித்திருந்த கையை விட்டான்.

சத்தம் கேட்டு ஆவுடைத்தாயும் வீட்டை விட்டு வெளியே வந்தாள். பொத்தை நடக்கிறது அவளுக்குத் தெரியாதா என்று கேட்டான். "தெரியும். நெட்டு வானத்துலல்லா வருதுன்னாவ. பொத்தை தரையிலல்லா போவுது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு இருந்துட்டேன்," என்றாள். தளவாய் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய போன் படிவத்தைத் திறந்தான். காரணம் என்ற இடத்தில் மின்சாரம், வயர், மழை, வாடிக்கையாளர் என்று நாலுதான் இருந்தது. எதையும் தொடாமல் மூடிவிட்டான்.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. ஊர்ப் பிள்ளை செய்கிற வேலை நிற்கக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். குளத்துத் தண்ணீருக்கு முறை வைப்பது போலப் பொத்தைக்கும் முறை வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒன்பதிலிருந்து ஐந்து வரை பொத்தையடியில் போய்ச் சாய்ந்துகொள்ள வேண்டியது. முதல் முறையை ஆவுடைத்தாயின் அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே எடுத்துக்கொண்டார்கள். லைன் கல்லு மாதிரி நின்றது. ஒரு வாரம் ஒரு நிமிஷம்கூட அறுபடவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் அண்ணன்காரன் அறையை விட்டு நகரவே இல்லை. கடற்கரைப் பெண் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

அந்த வாரக் கடைசியில்தான் ஊருக்குக் கால் நிற்காமல் போக ஆரம்பித்தது. பொத்தையில் ஒரு மணி நேரம் சாய்ந்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் உட்கார முடியாமல் எழுந்தார்கள், எழுந்தவர்கள் நடந்தார்கள், நடந்தவர்கள் எங்கே போகிறோம் என்று தெரியாமல் போனார்கள். கருத்தப்பாண்டி அரைத்த மாவும் அரைக்காத கம்புமாகத் தலையில் மூட்டையோடு அடுத்த ஊர் வரைக்கும் போய், யார் வீட்டுக்கு வந்தோம் என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண் வீட்டார் பாயை விரித்துப் போட்டுவிட்டுத் தாங்கள் உட்காராமல் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தலை சுற்றியது. பஸ்ஸில் சீட் காலியாகக் கிடக்க நொச்சிக்கேணிக்காரர்கள் எல்லோரும் நின்றுகொண்டே போனார்கள். கண்டக்டர் கேட்டதற்கு மூலம் என்று சொல்லிவைத்தார்கள். சோற்றை நின்றபடி தின்றார்கள். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு நடந்தார்கள். மீதிப் பேச்சைத் தெருக்கோடியில் வேறு யாரிடமாவது முடித்தார்கள். கேட்டவரும் நின்று கேட்கவில்லை, கூடவே நடந்துகொண்டுதான் கேட்டார். ஆனாலும் ஒருத்தர்கூட முறையை விட்டுக்கொடுக்கவில்லை. திட்டிக்கொண்டே வந்து சாய்ந்தார்கள்.

தளவாயும் லீவு போட்டுவிட்டு வந்து ஒரு முறை எடுத்தான். அவனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவன் முன்னாடியே அப்படித்தான் இருந்தான். ஆனால் முதுகைச் சாய்த்தபோது பாறை காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி சுட்டது. உள்ளே எங்கோ ஆழத்தில் ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கிணற்றில் காற்றே இல்லாமல் தண்ணீர் அலையடித்தது. ஆடுகள் பொத்தை மேல் ஏற மறுத்தன. அவனுக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வகுப்பில் கையைக் கட்டி உட்காரச் சொன்னபோது தனக்கு எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு மணி முறைக்கு வேண்டுமென்றே சீனித்தாயைப் போட்டார்கள். டீக்கடைக்காரியான அவள் கடையை விட்டு அசைந்து யாரும் பார்த்ததில்லை. பதினொன்று இருபதுக்கு அண்ணன்காரன் மாத்திரை வாங்க வெளியே போனான். கடற்கரைப் பெண் கையை மடியிலிருந்து எடுத்தாள். வயிற்றைக் காட்டினாள். இல்லை என்றாள். கையை மடக்கினாள். அந்த நேரம் பார்த்துச் சீனித்தாய், ஐயோ முடியலையே என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குளத்தங்கரையோடு இரண்டு கிலோமீட்டர் ஓடினாள். பொத்தையும் எழுந்து ஓடாத குறையாகத் தெற்கே போனது.

ஆவுடைத்தாய் தெருவுக்கு வந்து கத்தினாள். அவள் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. "மறுபடியும் அதே கை! அதே இடம்! அடுத்த செவ்வாயோட சரி. அதுக்குப் பிறகு அவளை ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வரமாட்டேன்னு அவ அண்ணன் டாக்டரம்மாட்டச் சொல்லிட்டான். என்னமோ சொல்ல வாரா. ஒருத்தர்கிட்டயாவது சொல்லிரணும்னு வாரா. நான் ஒருத்திதான் அதப் படிக்கிறவ. நீங்க யாரும் ஒரு அஞ்சு நிமிசம் உக்கார மாட்டியளா?" சொல்லிவிட்டு அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஆனால் அவர்கள் கால் அப்போதும் மாறி மாறி மிதித்துக்கொண்டுதான் இருந்தது.

சங்கிலி போட்டுக் கட்டலாம் என்றார் ஒருவர். சுற்றிச் சுவர் எழுப்பலாம் என்றார் இன்னொருவர். நாலு தென்னை உயரத்துக்குக் கம்பம் நட முடியுமா என்று கருத்தப்பாண்டி தளவாயைக் கேட்டார். தளவாய் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தான். இத்தனை நாளும் பொத்தையை நிற்க வைப்பதையே யோசித்துவிட்டோமே என்று அவனுக்குத் தோன்றியது. நடக்கிறதை நிறுத்துவானேன்? அதன் தலையிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டால் அது எங்கே போனாலும் டவரும் தெரியும், ஊரும் தெரியும்.

"யாரும் சாய வேண்டாம்," என்றான். "செவ்வாய்க்கிழமை அத அதுபாட்டுக்கு விட்டுருங்க. நான் கூடப் போறேன்."

திங்கட்கிழமை கம்பெனி ஸ்டோரிலிருந்து ஒரு பழைய டிஷ்ஷையும், நாலா பக்கமும் அலை வீசுகிற குச்சி மாதிரியான இரண்டு ஆண்டெனாவையும் யாரிடமும் கேட்காமல் எடுத்துவந்தான். ஒரு குச்சியை ஆவுடைத்தாய் வீட்டு மாடியில் கட்டினான். இன்னொன்றைப் பொத்தை உச்சியில் இருந்த காட்டு ஆமணக்கில் கட்டினான். ஊருக்கும் பொத்தைக்கும் அது போதும். பொத்தையிலிருந்து டவருக்குத்தான் சிக்கல். டிஷ் இரண்டு விரல்கடை திரும்பினாலும் பார்வை தப்பிவிடும். பொத்தை திரும்பத் திரும்ப யாராவது அதை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கருத்தப்பாண்டி தன் டிராக்டர் பேட்டரியைக் கழற்றித் தலையில் சுமந்து கொண்டுபோய் உச்சியில் வைத்தார். இறங்கும்போது பாறையைத் தட்டிக்கொடுத்து, "நாளைக்கு மெல்லப் போ தாயி," என்றார்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு, முறையில் சாய்ந்திருந்தவர் எழுந்து ஒதுங்கினார். ஊர் முழுக்க வெளியே வந்து நின்று பார்த்தது. பொத்தை பின்பக்கத்தை முதலில் தூக்கியது. தளவாய் குப்புற விழாமல் டிஷ் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பிறகு முன்பக்கமும் எழுந்து, ஒரு பெருமூச்சு மாதிரி மண்ணெல்லாம் சரிந்து கொட்ட, இரண்டு வாரமாக அடைபட்டுக் கிடந்த பொத்தை நடக்கத் தொடங்கியது.

மேற்கே போனது, டிஷ்ஷைக் கிழக்கே திருப்பினான். வடக்கே வளைந்தது, இவன் தெற்கே வளைத்தான். தூரத்தில் புளியந்தோப்புகளுக்கு மேலே தீக்குச்சி மாதிரி டவர் தெரிந்தது. ஒரு கண் டவரிலும் ஒரு கண் போனில் ஓடுகிற சிக்னல் எண்ணிலும் இருந்தது. எண் சரிந்தால் மயிரிழை அளவு திருப்புவான். ஏறினால் மூச்சை அடக்குவான். வரப்பு வரும்போது பொத்தை ஒதுங்கும் என்று அவனுக்குத் தெரியும், அதனால் வரப்பைக் கண்டதும் முன்கூட்டியே கையை வளைப்பான். கிணற்றைக் கண்டால் சுற்றும் என்று தெரியும், அரைவட்டம் திருப்பிக்கொண்டே போவான். பதினொன்று ஆனது, பதினொன்று இருபது ஆனது. உள்ளங்கை தோல் உரிந்து கம்பத்தில் ரத்தம் ஒட்டியது. அரை மணி நேரத்துக்கு மேல் அவன் ஒரே காரியத்தில் இருந்தான், மனசு வேறெங்கும் போகவில்லை. இப்போது அங்கே யார் என்ன சொல்கிறார்கள், அண்ணன்காரன் வெளியே போனானா, அந்தக் கை மடங்கியதா என்று எதுவும் அவனுக்குத் தெரியாது. அறுக்காதே, அறுக்காதே என்று பொத்தையிடமும் டவரிடமும் தன் கையிடமும் சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனான்.

பன்னிரண்டே கால் மணிக்குப் போன் அடித்தது. ஒரு கையால் எடுத்தான். ஆவுடைத்தாய்.

"சொல்லி முடிச்சிட்டா அண்ணாச்சி."

"என்ன சொன்னா?"

"வயித்துல நோவு இல்லியாம். மிதிக்கானாம். அந்த அண்ணன்தான். மடக்குன கை குத்துத அவன் கை அண்ணாச்சி, நாலு செவ்வாயா நான் பாத்துக்கிட்டே இருந்த கை. வீட்ட எழுதிக் கேக்கானாம். ரேகை வைக்க மாட்டேன்னு இவ நிக்கா, அதுக்கு மிதிக்கான். கடைசிவரைக்கும் சொன்னா. ஒரு இடத்துலயும் நிக்கல."

தளவாய் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் டிஷ்ஷைத் திருப்பினான். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. "இப்ப அவ எங்க?"

"டாக்டரம்மா கதவப் பூட்டிட்டாவ. அவனை உள்ள விடல. வெளிய நின்னு கதவத் தட்டிட்டே நிக்கான். போலீஸுக்குச் சொல்லியிருக்கு, வந்துட்டிருக்காவ. அவங்க வந்தா இவ மறுபடியும் முதல்ல இருந்து சொல்லணும், நான்தான் அதை எடுத்துச் சொல்லணும். எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியல." என்றாள். "லைன் எதுவரைக்கும் தாங்கும் அண்ணாச்சி?"

தளவாய் நிமிர்ந்து பார்த்தான். பொத்தை நொச்சிக்கேணி எல்லைக்கல்லைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, அது இதுவரை போகாத வெட்டவெளியில் பெரிய வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் ஊரே வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தது, கருத்தப்பாண்டி இன்னொரு பேட்டரியைத் தலையில் வைத்திருந்தார், சீனித்தாய் எல்லோருக்கும் முன்னால் வந்தாள்.

"நீங்க பேசுங்க தாயி," என்றான். "இது போற வரைக்கும் நான் போறேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, டிஷ்ஷை ஒரு விரல்கடை கிழக்கே திருப்பினான்.